பனிக்குழி வெட்டிப் பார்ப்பது எப்படி? குல்மார்க் போகிறவர்களுக்கு

காஷ்மீரின் குல்மார்க்கில் கொண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் சுமார் 3,980 மீட்டர் உயரம் வரை கொண்டுபோய் விடும். ரோந்துக் குழு கண்காணிக்கும் பகுதியைத் தாண்டிவிட்டால் அதற்கப்பால் நம் முடிவுதான் நமக்குக் காவல். 2023 பிப்ரவரியில் போலந்திலிருந்து வந்த ஸ்கீயர்கள் இருவர் இதே மலையில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். பனிக்குள் பலவீனமான அடுக்கு இருக்கிறதா என்று இறங்குமுன் குழி வெட்டிப் பார்ப்பது அதனால்தான்.

1. எச்சரிக்கையைப் பாருங்கள். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. (பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம்) காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் மலைகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆபத்து அளவு 1 முதல் 5 வரை. 3 என்று இருந்தால் நடுவில்தானே இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். செங்குத்தான சரிவில் ஒரே ஒரு ஆளின் எடைக்கே பனி பிளந்துகொள்ளலாம்.

2. கோணத்தை அளந்து பாருங்கள். ஊன்றுகோலைப் பனிமேல் கிடத்தி, அதன்மேல் போனை வைத்துச் சாய்வு பாருங்கள். பலகை பலகையாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வுக்குள் நடப்பவை. நீங்கள் நிற்பது சமதளமாக இருந்தாலும், தலைக்கு மேல் அப்படியொரு சரிவு இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

3. குழி வெட்டுங்கள். நீங்கள் இறங்கப்போகும் சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அதே திசையில், ஏறக்குறைய அதே உயரத்தில், மேலிருந்து எதுவும் வந்து விழ வாய்ப்பில்லாத சிறிய சரிவாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம் போதும். மேட்டுப்பக்கச் சுவரை ஷவலால் (பனி அள்ளும் மண்வாரியால்) வழவழப்பாகச் சீவிவிட்டு, மேலிருந்து கீழாக விரலால் குத்திக்கொண்டே வாருங்கள். இறுகிய அடுக்குக்குக் கீழே விரல் சட்டென்று உள்ளே போனால் அங்கே நிறுத்துங்கள், அதுதான் பலவீனமான அடுக்கு. அந்த இடத்துப் பனியைக் கையுறையில் அள்ளினால் உருண்டையாகப் பிடிக்க வராது, சர்க்கரை போல விரலிடுக்கில் உதிரும். குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாகக் கிடக்கும்போது, கதகதப்பான தரையிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத, முனை கூர்ந்த மணிகளாக வளர்த்துவிடுகிறது. பிறகு எத்தனை அடி பனி பொழிந்தாலும் அந்த மணிகளின் மேல்தான் உட்காரும்.

4. தட்டிப் பாருங்கள். 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு தூணை நான்கு பக்கமும் வெட்டித் தனியாகப் பிரித்துவிடுங்கள். உச்சியில் ஷவல் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் உடைகிறது என்று பாருங்கள். சில தட்டிலேயே வெட்டினாற்போல் சறுக்கி விழுந்தால் அந்தச் சரிவு வேண்டாம்.

உடையவே இல்லை என்றால்? அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து மீட்டர் தள்ளி அடுக்கு வேறு மாதிரி இருக்கலாம். குழி 'வேண்டாம்' என்றால் கேளுங்கள். 'போகலாம்' என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தமோ, ஓடும் விரிசலோ, பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடமோ தெரிந்தால் குழியே தேவையில்லை, திரும்பிவிடுங்கள்.

5. கடப்பதாக முடிவெடுத்தால் ஒவ்வொருவராகத்தான். ஒவ்வொருவரிடமும் டிரான்ஸ்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் மூன்றும் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஸீவர் உடம்போடு கட்டி, அனுப்பும் நிலையில் இருக்கட்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் வாய்ப்பு பாதிக்கும் கீழே. அதனால் ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் பத்திரமான மேட்டில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்துதான் தேடலைத் தொடங்க முடியும்.