உந்தச் செயலி எதன் மீது செயல்படுகிறது? இரண்டாம் குவாண்டமாக்கலில் ஒரு சின்னக் கணக்கு

ஒற்றைத் துகளுக்கு உந்தச் செயலி (operator, அதாவது நிலை மீது செய்யும் கணிதச் செயல்) அலைச்சார்பை இடத்தைப் பொறுத்து வகையிடும். பல துகள்களை ஆக்கும், அழிக்கும் செயலிகளால் விவரிக்கும் முறைதான் இரண்டாம் குவாண்டமாக்கல். அதில் அதே வகையீடு இரண்டு புலச் செயலிகளுக்கு (ஓர் இடத்தில் துகளை ஆக்கும் அல்லது அழிக்கும் செயலிகள்) நடுவே உட்கார்ந்திருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. (பெயரும் உதவாது, எதையும் இரண்டாவது தடவை குவாண்டமாக்குவதில்லை.)

படி 1: நீளம் 'நீ' உள்ள ஒரு வளையத்தை எடுங்கள். சுவர் வைத்த பெட்டி வேண்டாம். அதன் சைன் அலைகள் உந்தத்தின் ஐகன் நிலைகள் (உந்தத்துக்கு ஒரே உறுதியான மதிப்பு உள்ள நிலைகள்) அல்ல. வளையத்தில் அலை முழுச் சுற்றாகப் பொருந்தியாக வேண்டும். ஆகவே உந்தம் ம × ப/நீ மட்டுமே. ம முழு எண், ப பிளாங்க் மாறிலி.

படி 2: ஆ(ம) அந்த நிலையில் ஒரு துகளை ஆக்கும், அ(ம) ஒன்றை அழிக்கும். புலச் செயலியை இவற்றால் விரித்து, வகையிட்டு, வளையம் முழுக்கத் தொகையிடுங்கள். குறுக்கு உறுப்புகள் (வெவ்வேறு ம சேர்ந்தவை) சுழியாகி மிஞ்சுவது மொத்த உந்தச் செயலி 'உ':

உ = (ப/நீ) ∑ ம ஆ(ம) அ(ம)

ஆ(ம) அ(ம) துகள்களை எண்ணும், அவ்வளவுதான். வகையீடு நிலையைத் தொடவில்லை. புலச் செயலியின் முகவரியை மட்டுமே தொட்டது. இங்கே இடம் ஒரு செயலி அல்ல, வெறும் முகவரி. ஃபோக் வெளியில் (எந்த ம-இல் எத்தனை துகள் என்று சொல்லும் நிலைகளின் வெளி) உள்ள நிலை மீது செயல்படுவது 'உ'.

படி 3: ம = 2-இல் மூன்று போசான்கள் (ஒரே நிலையில் எத்தனையும் இருக்கக்கூடிய துகள்கள்), ம = −1-இல் ஒன்று. 3×2 − 1 = 5; மொத்த உந்தம் 5ப/நீ. வளையம் 1 மைக்ரோமீட்டர் என்றால் சுமார் 3.3 × 10⁻²⁷ கிலோகிராம் மீட்டர்/வினாடி. ஃபெர்மியான்கள் ஒரே நிலையில் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாத துகள்கள்; சுழற்சி (spin) நிலையும் ஒன்றேயானால் அவற்றில் மூன்றை ஒரே ம-இல் வைக்க முடியாது.

மொத்த உந்தம் சுழி என்றால் வெற்றிடம் என்று எண்ணிவிடாதீர்கள். ம = 1-இல் ஒன்று, ம = −1-இல் ஒன்று இருந்தாலும் சுழிதான்.

ஆ, அ வரிசையைப் புரட்டுவது இன்னொரு பிழை. போசானுக்கு ஒவ்வொரு நிலையிலும் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். உந்தத்தில் +ம, −ம ஒன்றையொன்று அடித்துவிடுவதால் பிழை கண்ணில் படாது. ஆற்றலில் ம² வருவதால் அடிபடாமல் குவிந்து, விடை முடிவிலிக்குப் போகும்.

குறியைச் சரிபார்க்க: உ அ(ம) − அ(ம) உ = −(ப/நீ) ம அ(ம). கழித்தல் குறி ஏன்? மேலே உள்ள நிலையில் அ(2)-ஐச் செலுத்துங்கள். 5 இருந்த இடத்தில் 3 நிற்கும்.