கொரியப் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாடு: முதல் வாரத்தைத் தாண்டுவது எப்படி?

தென்கொரியாவில் பள்ளி வேலைக்குப் போகிறீர்களா, முதலில் அந்த மாத மெனுவைப் பாருங்கள், பள்ளி இணையதளத்திலேயே இருக்கும். ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பக்கத்தில் 5, 6, 10 என்று எண்கள் இருக்கும். விலை இல்லை, ஒவ்வாமைக் குறியீடு. 1 முட்டை, 2 பால், 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு. கொரிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் வேண்டாததை ஒதுக்க இது போதும்.

சைவக்காரர்கள் மட்டும் இதை முழுசாக நம்ப வேண்டாம். நெத்திலிக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது, ஆனால் பல சூப்புகள் நெத்திலி கொதித்த தண்ணீரில்தான் தொடங்கும். காரம் போட்டுப் புளிக்கவைத்த காயான கிம்ச்சிக்குப் பக்கத்தில் 9 இருந்தால் உப்பில் ஊறிய குட்டி இறால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

எவர்சில்வர் தட்டில் கீழே இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப், மேலே தொட்டுக்கொள்ள மூன்று வகை. பரிமாறுகிறவரிடம் "ஜோகும்மான் ஜூசேயோ" என்றால் கொஞ்சமாகப் போடுவார். புதுசு எதையும் தனியாக வாயில் போடாதீர்கள், சோற்றோடு சேர்த்தே சாப்பிடுங்கள். மியோல்ச்சி பொக்கும் என்று ஒன்று, பொடி நெத்திலிக் கருவாட்டை சோயா சாஸும் இனிப்புப் பாகும் விட்டு வதக்கியது. கருவாட்டில் யாராவது பாகு ஊற்றுவார்களா என்று முதல் நாள் ஓரமாகத் தள்ளினேன், மூன்றாவது தடவை சூடான சோற்றில் பிசிறிச் சாப்பிட்ட பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். சூப்பைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம், அங்கேயும் அந்தப் பழக்கம் உண்டு.

தொத்தோரிமுக் வேறு கதை. ஓக் மரக் கொட்டை மாவில் செய்த பழுப்பு அல்வா மாதிரி இருக்கும், ஆனால் இனிக்காது, லேசாகக் கசக்கும். சாப்பிடத் தரும் தட்டையான எவர்சில்வர் குச்சியால் (சாப்ஸ்டிக்) அழுத்தினால் வழுக்கும், இன்னும் அழுத்தினால் உடையும். நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து எதிரே இருந்த ஒன்றாம் வகுப்புப் பொடியன் தன் ஸ்பூனைத் தூக்கிக் காட்டினான். சரி, ஸ்பூனாலேயே அள்ளுங்கள்.

மிச்சத்தைச் சூப் குழியில் சேர்த்து வாளியில் கொட்ட வேண்டும். பல பள்ளிகளில் புதன்கிழமை மிச்சம் வைக்காமல் சாப்பிடும் நாள், அன்று பிள்ளைகளுக்குப் பிடித்ததாகப் போடுவார்கள். பழகாத அயிட்டத்தை நிறைய வாங்கிப் பார்ப்பதென்றால் செவ்வாயோ வியாழனோ வைத்துக்கொள்ளுங்கள்.