குயிக்ஃபெதர் போர்டில் முதல் எல்.இ.டி., முழுக்க ஓப்பன் சோர்ஸ் கருவிகளோடு

எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றியமைத்துக்கொள்ளும் சிப்) பழகலாம் என்று ஆசைப்பட்டு பெரிய நிறுவனங்களின் மென்பொருளை இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கணக்குத் தொடங்கி, லைசென்ஸ் பார்த்து, பல பத்து ஜி.பி. இறங்கும் வரை காத்திருந்து, கடைசியில் ஒரு விளக்கைச் சிமிட்ட வைக்கத்தான் இத்தனை பாடும். லேட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 எஃப்.பி.ஜி.ஏ. சிப்புக்கு 2015-இல் ஒரு மாற்று வழி பிறந்தது. ஆனால் அது அந்த நிறுவனம் கொடுத்ததில்லை, கிளேர் வுல்ஃபும் கூட்டாளிகளும் சிப்பின் பிட்ஸ்ட்ரீமை, அதாவது சிப்புக்குள் சுற்றை அமைக்கும் தரவுக் கோப்பை, வெளியிலிருந்தே ஆராய்ந்து கண்டுபிடித்தது. 2020 ஜூனில் அமெரிக்காவின் குயிக்லாஜிக் செய்தது வேறு மாதிரி. ஆன்ட்மைக்ரோ, கூகுள் இரண்டோடும் சேர்ந்து, தன் இ.ஓ.எஸ். எஸ்3 சிப்புக்கு ஓப்பன் சோர்ஸ் கருவிகளைத் தானே ஆதரிப்பதாக அறிவித்தது. அந்தச் சிப் உட்கார்ந்திருக்கும் குயிக்ஃபெதர் போர்டில்தான் இப்போது விளக்கு எரிக்கப் போகிறோம்.

சிப்பைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். உள்ளே 80 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் கார்டெக்ஸ் எம்4 பிராசசர் ஒன்று, பக்கத்திலேயே 891 லாஜிக் செல் (சுற்றைக் கட்டும் அடிப்படைத் துண்டு) கொண்ட சின்ன எஃப்.பி.ஜி.ஏ. ஒன்று. பெரிய டிசைன் எதுவும் இதில் அடங்காது, அதற்காக வாங்காதீர்கள். பழகுவதற்கு இந்தச் சின்ன அளவே வசதி, ஏனென்றால் கருவிகள் சட்டென்று ஓடி முடிந்துவிடும்.

லினக்ஸ் வேண்டும். கருவிகள் எல்லாவற்றையும் ஒரே இன்ஸ்டாலராகக் கொடுத்திருக்கிறார்கள், எந்தக் கோப்புறையில் போட வேண்டும் என்பதை மட்டும் முதலில் என்விரான்மென்ட் வேரியபிளில் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். தேடும்போது ஒரு குழப்பம் வரும்: பழைய ஆவணங்களில் இந்தக் கருவித் தொகுப்பின் பெயர் சிம்பிஃப்ளோ என்றிருக்கும், 2022-இல் அதையே எஃப்4பி.ஜி.ஏ. என்று பெயர் மாற்றிவிட்டார்கள், இரண்டும் ஒன்றுதான். உபுண்டுவில் ஏற்கெனவே யோசிஸ் (நாம் எழுதும் சுற்றை லாஜிக் செல்களாக மாற்றும் கருவி) போட்டிருந்தால் அதை இதோடு கலக்க வேண்டாம். இன்ஸ்டாலரோடு வரும் யோசிஸும் அதன் செருகுநிரல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகள். வேறு பதிப்பு குறுக்கே வந்தால் புரியாத பிழைச் செய்திகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இனி வெரிலாக், அதாவது சுற்றை எழுதும் மொழி. ஒரு கவுண்டர், அதன் மேல்பிட்டிலிருந்து விளக்குக்கு இணைப்பு, அவ்வளவுதான். மற்ற போர்டுகளில் பழகியவர்கள் இங்கே கிளாக்கை (சுற்றைச் சீராக ஓட வைக்கும் துடிப்பை) ஒரு இன்புட் பின்னாக எழுதிவிட்டு ஏன் ஓடவில்லை என்று முழிப்பார்கள். இந்தச் சிப்பில் எஃப்.பி.ஜி.ஏ.வுக்கான கிளாக் சிப்புக்குள்ளிருந்தே வருகிறது. கியூ.எல்.ஏ.எல். என்று தொடங்கி செல் மேக்ரோ என்று முடியும் ஒரு மாட்யூலை டிசைனுக்குள் வைத்து, அதன் சிஸ் கிளாக் சீரோவிலிருந்து கம்பி இழுக்க வேண்டும். பெயரை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள குயிக்லாஜிக்கின் உதாரணத் திட்டங்களைத் திறந்து பாருங்கள், மனப்பாடம் செய்யும் பெயர் இல்லை அது.

அடுத்தது பி.சி.எஃப். கோப்பு, எந்த சிக்னல் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று சொல்வது. சர்க்கியூட் படத்தில் சிவப்பு விளக்கு ஐ.ஓ. 22, பச்சை 21, நீலம் 18 என்றிருக்கும். ஆனால் சிப்பின் கால் எண் வேறு, ஐ.ஓ. எண் வேறு. எதை எழுத வேண்டும் என்று சந்தேகமானால் உதாரணத் திட்டத்தின் பி.சி.எஃப்.ஐ அப்படியே நகலெடுத்துக்கொள்வதுதான் நல்லது. கம்பைல் கட்டளையில் பேக்கேஜ் வகையும் கேட்கும், குயிக்ஃபெதருக்கு பி.யூ.64.

ஓட்டினால் யோசிஸ் வெரிலாக்கை லாஜிக் செல்களாக மாற்றும். பிறகு டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் பிறந்த வி.பி.ஆர். அவற்றை இடம் பார்த்து வைத்து, கம்பி இழுக்கும். இதற்குப் பிறகு வரும் கோப்பைத்தான் நான் எல்லோரையும் திறந்து பார்க்கச் சொல்வேன். ஃபேசம் என்று பெயர், சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. சிப்பில் எந்த இடத்தில் எந்த சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது என்று வரி வரியாக இருக்கும். அதிலிருந்துதான் பிட்ஸ்ட்ரீம் உருவாகிறது. மற்ற நிறுவனங்கள் பூட்டி வைப்பது துல்லியமாக இந்த இடத்தைத்தான். ஒரு நிறுவனம் ஓப்பன் சோர்ஸ் என்று பத்திரிகைக் குறிப்பு விட்டால், முன்னால் யோசிஸை வைத்துவிட்டு கடைசிப் படிக்கு மட்டும் தன் மூடிய மென்பொருளைக் கொடுக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது பாதி ஓப்பன்தான். வெரிலாக்கில் ஒரு வரி மாற்றி மறுபடி ஓட்டி, இரண்டு ஃபேசம் கோப்புகளையும் டிஃப் போட்டு (ஒப்பிட்டு) வித்தியாசத்தைப் பாருங்கள். மாறுதல் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கும், கருவி செல்களை வேறு இடத்தில் வைத்திருக்கலாம்.

போர்டில் ஏற்றுவதற்கு ஜேடேக் போன்ற தனிப் புரோகிராமிங் சாதனம் எதுவும் தேவையில்லை, யு.எஸ்.பி. கேபிள் போதும். ரீசெட் பட்டனை அழுத்தினால் நீல விளக்கு 5 விநாடி சிமிட்டும், அதற்குள் யூசர் பட்டனை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு மெதுவாக ஏறி இறங்கினால் போர்டு தயார். தவறவிட்டால் மறுபடி ரீசெட். அப்புறம் குயிக்லாஜிக்கின் பைத்தான் புரோகிராமரை, சீரியல் போர்ட்டையும் பிட்ஸ்ட்ரீம் கோப்பையும் கொடுத்து ஓட்டுங்கள், எஃப்.பி.ஜி.ஏ. மட்டும் ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பர்மிஷன் இல்லை என்று வந்தால் உங்கள் யூசரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். போர்ட் பிஸி என்று வந்தால் லினக்ஸில் பின்னணியில் ஓடும் மோடம் மேனேஜர்தான் பெரும்பாலும் குறுக்கே நிற்கும், அதை நிறுத்துங்கள். ஏற்றி முடித்ததும் மீண்டும் ரீசெட், நீலச் சிமிட்டல் முடிந்தபின் உங்கள் விளக்கு.

சரி, இதே டிசைனை எம்4-இல் ஓடும் சி நிரலோடு சேர்க்க வேண்டுமானால் பைனரிக்குப் பதிலாக ஹெடர் வடிவில் எடுங்கள். பிட்ஸ்ட்ரீம் ஒரு சி அர்ரேயாக வரும், நிரல் ஓடும்போதே அதை எஃப்.பி.ஜி.ஏ.வில் ஏற்றிக்கொள்ளும். அந்த ஹெடரில் பின் அமைப்புக்கும் தனியாக ஓர் அர்ரே இருக்கிறது. பிட்ஸ்ட்ரீமை மட்டும் ஏற்றிவிட்டு அதை விட்டுவிட்டால் உள்ளே கவுண்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும் விளக்கு எரியாது, ஏனென்றால் அந்தப் பின் எஃப்.பி.ஜி.ஏ. பக்கம் திரும்பியிருக்காது.