சிக்னல் மங்கினால் பூஸ்டரைத் தேடாதீர்கள்

புதிதாக ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும் உரிமம் வாங்கி, இரண்டு மீட்டர் அலைநீளமுள்ள டூ மீட்டர் பேண்டுக்கு வருகிறவர்களைக் கவனித்தால், செட் மட்டும்தான் மாறியிருக்கிறது, கோளாறு மாறவில்லை. பழைய ஆட்கள் அந்தக் காலத்தில் என்னென்ன பண்ணிக் கெடுத்தார்களோ, அதையே இன்றைக்குச் சின்னச் சின்ன சீனத்து செட்டில் பண்ணுகிறார்கள். “ரிப்பீட்டர் சரியாவே கேக்கறதில்லீங்ணா” என்று ஈரோட்டிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ரிப்பீட்டர் என்பது மலை மேலிருந்து நம் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம். பேட்டரியைப் பார், டோனைப் பார், சேனலைப் பார் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அது செட்டோடு வருகிற தாளிலேயே இருக்கிறது. அதில் இல்லாத தவறுகள்தான் கீழே.

தீயணைப்பு வண்டி பேசுவதைக் கேட்க ஆசைப்படுவது

வேண்டாம். டூ மீட்டரில் நமக்குக் கொடுத்திருப்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, அவ்வளவுதான். எங்காவது தீயைப் பார்த்தால் 101-க்கு அடியுங்கள்.

பூஸ்டர்

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

தூர்தர்ஷன் காலத்தில் நம் பக்கம் ஓட்டு வீட்டுக்கு மேலேகூட நீளக் குழாய் நட்டு, உச்சியில் ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். படம் புள்ளி புள்ளியாக வந்தால், சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டரை வாங்கி மாட்டுவார்கள். சில வீடுகளில் படம் தெளிந்தும் இருக்கிறது. அன்றைக்கு மனதில் ஏறிய நம்பிக்கை இன்னும் இறங்கவில்லை. சிக்னல் குறைவா, பூஸ்டர் போடு.

பெருந்துறைப் பக்கம் ஒரு தம்பி. மொட்டை மாடியில் நல்ல ஆண்டெனாவாகத்தான் வைத்திருந்தார். அங்கிருந்து மேசைக்கு வர 25 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், அந்த ஒல்லி கறுப்பு ஒயர். சத்தம் இரைச்சலாக வந்ததும் ஒரு பூஸ்டரை வாங்கி, மேசை மேலேயே செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் சொருகிவிட்டார். அப்புறம் எனக்குப் போன்.

“அண்ணா, சிக்னல் மீட்டர் முழுசா ஏறுதுங்க. ஆனா பேச்சுத்தான் ஒண்ணும் புரிய மாட்டேங்குது.”

புரியாது. 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 நூறு மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் கணக்கு) தின்னும். 25 மீட்டருக்கு 5 டெசிபல். அதாவது மாடியில் பிடித்த சிக்னலில் மூன்றில் ஒரு பங்குதான் மேசைக்கு வந்து சேர்கிறது. வழியில் போனது போனதுதான். கடைசியில் மாட்டும் பூஸ்டர், வந்து சேர்ந்த மிச்சத்தையும் அதோடு வந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். அதே தூரத்துக்குத் தடித்த ஆர்ஜி-213 போட்டிருந்தால் பாதிக்கு மேல் கீழே வந்திருக்கும்.

அதைவிட மோசமான விஷயம் வேறு. டிவிக்குச் செய்த பூஸ்டருக்கு நம் ரிப்பீட்டர் எது, பண்பலை நிலையம் எது என்று தெரியாது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை கிலோவாட் கணக்கில் பாடிக்கொண்டிருக்கும் எஃப்எம் எல்லாவற்றையும் பெருக்கி செட்டின் வாயில் கொட்டும். விலை குறைந்த செட்களில் முன்பக்க வடிகட்டி பேருக்குத்தான் இருக்கும். அது திணறிப்போய், இருக்கிற நல்ல சிக்னலுக்கும் செவிடாகிவிடும். மீட்டர் முழுசாக ஏறுவதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, ஏற்றுவது குப்பை.

திணறலா, நிஜமாகவே சிக்னல் இல்லையா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றும். பூஸ்டரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகச் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டனுவேட்டர் ஒன்றை மாட்டுங்கள். பேச்சு தெளிந்தால் கோளாறு திணறல்தான். உள்ளே வருவதை 10 டெசிபல் குறைத்தால் நமக்கு வேண்டிய சிக்னல் 10 டெசிபல் குறையும். வலுவான நிலையங்கள் செட்டுக்குள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் பொய்ச் சிக்னலோ பெரும்பாலும் 30 டெசிபல் குறைந்துவிடும். அட்டனுவேட்டர் கையில் இல்லையென்றால் மாடி ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு செட்டோடு வந்த ரப்பர் ஆண்டெனாவை மாட்டிப் பாருங்கள். அதில் நன்றாகக் கேட்டால் அதே முடிவுதான். மருந்து, 88–108-ஐத் தடுக்கும் ஒரு வடிகட்டி.

இதையெல்லாம் போனில் சொல்லி, முதலில் பூஸ்டரைக் கழற்றுங்க தம்பி என்றேன். சரிங்கண்ணா என்றார். கழற்றவில்லை. அன்று சாயங்காலம் ரிப்பீட்டரில் யாரோ கூப்பிட, பழக்க தோஷத்தில் பேசுவதற்கான பொத்தானை, அதாவது பிடிடியை, அழுத்திவிட்டார். மைக்ரோவாட்டுக்கும் கீழே உள்ளதை வாங்கிப் பழகிய பெட்டிக்குள் ஐந்து வாட் பின்பக்கமாகப் போனால் என்ன ஆகும்? பூஸ்டர் போனது, கூடவே செட்டின் கடைசி டிரான்சிஸ்டரும் போனது. இரண்டுக்கும் கொடுத்த காசில் நல்ல கேபிளே வாங்கியிருக்கலாம். விற்ற கடைக்காரர் “எல்லா செட்டுக்கும் போடலாம்” என்று சொன்னாராம். அவருக்கென்ன.

பூஸ்டரே தேவைப்படாதா என்றால், தேவைப்படும் இடம் உண்டு. ஆனால் அது மாடியில், ஆண்டெனாவின் காலடியிலேயே இருக்க வேண்டும். டூ மீட்டரை மட்டும் விடும் வடிகட்டியோடு இருக்க வேண்டும். பிடிடி அழுத்தும்போது தானாக விலகிக்கொள்ளும் ரிலே இருக்க வேண்டும். அந்த மாதிரிப் பெட்டி டிவி கடையில் கிடைக்காது.

கேபிள் டிவி ஒயரைக் கேலி செய்வது

50 ஓம் செட்டுக்கு 75 ஓம் ஆர்ஜி-6 போட்டாயா என்று சிரிப்பார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் நான் சிரிக்க மாட்டேன். பொருத்தம் இல்லாததால் போவது மிகக் கொஞ்சம்; இழப்போ ஆர்ஜி-58-ஐவிடக் குறைவு.

ஆண்டெனாவைப் படுக்க வைப்பது

நிமிர்த்துங்கள். ரிப்பீட்டரின் ஆண்டெனா நிமிர்ந்து நிற்கிறது, படுத்த ஆண்டெனாவில் 20 டெசிபல் வரை போகும்.

ஐப்பசி மழையை மறப்பது

சித்திரையில் மாட்டி, நன்றாகக் கேட்டு, தீபாவளிக்கு அப்புறம் மங்கினால் வேறெங்கும் தேடாதீர்கள். கேபிளின் முனையில் இருக்கும் பிஎல்-259 கனெக்டருக்குத் தண்ணீரைத் தடுக்கும் சக்தி கிடையாது. கனெக்டருக்குக் கீழே ஒரு சாண் விட்டு மேல்தோலைச் சீவிப் பாருங்கள். செம்புப் பின்னல் பளபளவென்று இருக்க வேண்டும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. துடைத்துப் பயனில்லை, நல்ல செம்பு தெரியும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும். புதிய கனெக்டருக்கு மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்கிற மாதிரி. மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் தண்ணீரை உள்ளே வாங்கும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றுங்கள்.

தறியைத் திட்டுவது

சோமனூர், பல்லடம் பக்கத்து நண்பர்கள் இரைச்சலுக்கெல்லாம் தறி மோட்டாரைத்தான் காட்டுவார்கள். நான் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் ஆள் வேறு: எல்இடி விளக்கின் டிரைவர், மலிவான போன் சார்ஜர், மாடியில் சோலார் இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் ரிப்பீட்டர் தெளிவாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், செட்டைப் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டின் மெயினை இறக்குங்கள். இரைச்சல் போய்விட்டால் உங்கள் வீட்டுச் சரக்கு. ஒவ்வொரு சுவிட்சாக ஏற்றினால் எது என்று மாட்டிக்கொள்ளும். போகவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்குப் பேச்சுக் கொடுக்கப் போக வேண்டியதுதான்.

மலையோடு மல்லுக்கட்டுவது

விஎச்எஃப், அதாவது நம் டூ மீட்டர் சேர்ந்த அலை வகை, ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். பத்து மீட்டர் உயரத்து ஆண்டெனாவுக்குச் சமதளத்தில் அடிவானம் 13 கிலோமீட்டர்தான். ஆயிரம் மீட்டர் மலை மேல் இருக்கும் ரிப்பீட்டருக்கு 130. அதனால்தான் காங்கேயத்தில் சும்மா கையில் பிடித்த செட்டில் கேட்பது, மேற்கு மலையை ஒட்டிய ஆனைகட்டியில் கேட்காமல் போகிறது. சிக்னல் விட்டு விட்டு வந்தால் ஆண்டெனாவை அரை மீட்டர் நகர்த்திப் பாருங்கள். அலைநீளமே இரண்டு மீட்டர்தான். மலையில் பட்டுத் திரும்பும் அலை ஓர் இடத்தில் கெடுத்தால் அடுத்த அடியில் சேர்ந்து கொடுக்கும். அதற்கும் மசியவில்லை, நடுவில் மலை நிற்கிறது என்றால் காசைச் செலவழிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு நேராகத் தெரிகிற வேறொரு மலையில் ரிப்பீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.