இயற்கை லென்ஸை இழந்த கண்ணுக்குச் செயற்கை லென்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்புரை அறுவையின்போது லென்ஸைத் தாங்கும் பை கிழிந்துபோனதாலோ, கண்ணில் பலத்த அடி பட்டதாலோ இயற்கை லென்ஸை இழந்தவருக்கு மீண்டும் ஓர் அறுவை செய்து செயற்கை லென்ஸ் பொருத்தலாம் என்றதும், மொரீஷியஸில் நம்மவர்கள் முதலில் கேட்பது "எந்த லென்ஸ் சிறந்தது?" என்பதைத்தான். அந்தக் கேள்வியே முதல் தவறு. லென்ஸைத் தாங்குவதற்கு அந்தக் கண்ணில் என்ன மிஞ்சியிருக்கிறது என்றே கேட்க வேண்டும்.

பையின் முன்சுவர் போதிய அளவு மிஞ்சியிருந்தால், அதன்மேல், கதிராளிக்குப் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம்) பின்னால், நடு வட்டும் இரு மெல்லிய கால்களும் தனித்தனியாகச் செய்து இணைத்த மூன்று துண்டு லென்ஸை அமர்த்தலாம். பைக்குள் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒற்றைத் துண்டு அக்ரிலிக் லென்ஸை அங்கே வைப்பது பிழை. அதன் தடித்த கால்கள் கதிராளியை உரசி, நிறமியை உதிர்த்து, அழற்சியையும் கண் அழுத்தத்தையும் உண்டாக்கக்கூடும்.

பையின் தாங்கல் அறவே இல்லாதபோது, கதிராளிக்கு முன்னால் வைக்கும் லென்ஸ், கதிராளியையே கவ்விக்கொள்ளும் லென்ஸ், வெள்விழியில் பிணைக்கும் லென்ஸ் ஆகியவை உள்ளன. முன்னால் வைப்பது விரைவில் முடியும் என்பதற்காகவே அதைத் தேர்ந்துவிடக் கூடாது. கண்ணின் முன்னுள்ள தெளிந்த படலமான கருவிழியின் உட்புறச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே அவற்றின் எண்ணிக்கையை அளந்து பார்க்காமலும், கிளௌகோமா (கண் அழுத்த நோய்) உண்டா என்று சோதிக்காமலும் அதற்கு இசைவது ஆபத்து. கவ்வும் லென்ஸுக்குக் கதிராளி சிதையாமல் இருக்க வேண்டும். வெள்விழியில் 10-0 என்னும் மெல்லிய அளவிலான பாலிப்புரோப்பிலீன் இழையால் தைத்தால், அது சில ஆண்டுகளுக்குப்பின் அறுந்து லென்ஸ் சாயக்கூடும் என்பதால் பலர் தடித்த இழையையோ தையலற்ற முறையையோ நாடுகின்றனர்.

சென்னையில் 2007இல் கண் மருத்துவர் அமர் அகர்வால் தொடங்கிய, லென்ஸின் கால்களைத் தையலின்றி வெள்விழியில் செருகிப் பசையால் மூடும் முறையைக் கேள்விப்பட்டு, அதுதான் வேண்டும் என்று முடிவோடு விமானம் ஏறுவோரும் உண்டு. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி 2003இலும் 2020இலும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இத்தகைய முறைகளில் ஒன்று மற்றவற்றைவிட மேலானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடிவு செய்தது. எனவே முறையின் பெயரைவிட, அதில் அந்த மருத்துவருக்குள்ள பழக்கமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீரிழிவு மிகுந்த இத்தீவில், விழித்திரையைச் சோதிக்காமல் லென்ஸைப் பற்றி மட்டும் பேசுவது வீண்; விழித்திரை கெட்டிருந்தால் எந்த லென்ஸும் பார்வையை முழுமையாக மீட்காது. கண்ணாடியையும் கான்டாக்ட் லென்ஸையும் அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். இரு கண்ணிலும் லென்ஸ் இல்லாதவருக்கு தடித்த கண்ணாடியே போதுமானதாக இருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் இல்லாதவருக்கோ, அக்கண்ணாடி உருவத்தை ஏறத்தாழ 25 சதவீதம் பெரிதாக்குவதால் இரட்டைப் பார்வை வரும்.

மோக்காவில் பாரதியார் பெயரால் அமைந்த அரசுக் கண் மருத்துவமனையிலோ தனியாரிடமோ முதல் அறுவை செய்துகொண்டவர், அதன் குறிப்புகளையும் கண் அளவுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். லென்ஸ் அமரும் இடம் மாறினால் அதன் பவரும் மாறும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தக் கூடாது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள், ஆற்றில் முழுகுவதும் சுமை தூக்குவதும் அதில் அடங்கும் என்பதால், அறுவை நாளைக் குறிக்கும்போதே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.