பேய் பார்க்கப் போனால் முதலில் கதைக்காதீர்கள்

வன்னியில் ஒரு குளக்கட்டு, இரவு பதினொரு மணி, நாங்கள் நாலு பேர். மறுகரையில் மங்கலாக ஒரு வெளிச்சம். "அது அசையுதடா" என்றான் ஒருவன். அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் அது அசைந்தது, கொள்ளிவாய்ப் பேய் என்று முடிவும் கட்டிவிட்டோம். அப்புறம் நான் ஒரு பனையில் தலையை முட்டுக்கொடுத்து, எதிரே நின்ற இன்னொரு பனையின் விளிம்போடு ஒட்டி அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். அரைமணி நேரமாகியும் விளிம்பை விட்டு அது விலகவேயில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் வயலில் பன்றிக்காவல் கொட்டில், வளையில் தொங்கும் அரிக்கன் லாம்பு.

இருட்டில் தனியாகத் தெரியும் ஒளிப்புள்ளி, பக்கத்தில் ஒப்பிட ஒன்றுமில்லாவிட்டால், நின்ற இடத்திலேயே நகர்வதுபோலத் தெரியும். உளவியலாளர் முசாபர் ஷெரிப் 1935 இல் வெளியிட்ட ஆய்வில் இதை இருட்டறையில் செய்து பார்த்தார்: புள்ளி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தனித்தனியே கேட்டால் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள், கூட்டாக இருத்திச் சத்தமாகச் சொல்ல வைத்தால் எல்லாருடைய கணக்கும் ஒன்றையொன்று நெருங்கி வந்தது. ஆகவே "நாலு பேரும் கண்டோம்" என்பது நாலு சாட்சி இல்லை. ஆளுக்கொரு கொப்பி வைத்து, நேரம், திசை, கண்டது, கேட்டது எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு கதையுங்கள். அந்த இடத்தின் கதையே தெரியாத ஒருவரையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

அடுத்தது, ஊராரிடம் கேட்கும் விதம். உளவியலாளர்கள் எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 1974 இல் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டி, சிலரிடம் 'மோதியபோது' என்றும் சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னவர்கள் இரண்டாவது கூட்டத்தில்தான் அதிகம். 2009 இல் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய் "மகன்ர குரலா கேட்டது?" என்று கேட்டால், அவருடைய நினைவுக்குள் நாமே கை வைக்கிறோம். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். "என்ன கேட்டீங்கள் அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

சத்தத்தைப் பதிந்தாலும் இதே கதைதான். "இதில பேர் சொல்லிக் கூப்பிடுது" என்று சொல்லிவிட்டுப் போட்டுக்காட்டினால் காவோலை உரசுவதும் பேராகத்தான் கேட்கும்.

ஒன்றும் நடக்காத இரவையும் எழுதுங்கள், பலர் விடுவது அதைத்தான். அந்தக் குளக்கட்டுக்கு நாங்கள் ஆறு இரவு போனோம். ஐந்து இரவு எழுத ஒன்றுமில்லை, அந்த ஐந்தும் திகதியோடு கொப்பியில் இருக்கிறது.