கைக்குழந்தைக்குக் கிணத்துத் தண்ணி குடுக்க முதல் இதைப் பாருங்கோ

எங்கட யாழ்ப்பாணத்துச் செம்பாட்டுப் பக்கம் சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய் எண்டு எங்க பாத்தாலும் வீட்டுக் கிணத்துக்குப் பக்கத்திலயே வெங்காயமோ புகையிலையோ நிக்கும். யூரியால 46% நைதரசன், பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோட சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால இறங்கி நைட்ரேட்டா கிணத்துக்கு வந்திடும், கக்கூசுக் குழியும் தன்ர பங்குக்குச் சேர்க்கும். தண்ணி கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், மணமும் இல்லை ருசியும் மாறாது. ஆனா 6 மாசத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அதில பால்மா கரைச்சுக் குடுத்தா ரத்தம் ஒட்சிசன் காவுறது குறைஞ்சு பிள்ளை நீலம் பாரிக்கக்கூடும்.

முதல் வேலை, ஏலுமானவரை 6 மாசமும் தாய்ப்பால் மட்டும் குடுங்கோ, தண்ணியே வேண்டாம். தாய் குடிக்கிற நைட்ரேட் பாலுக்குள்ள பெரிசா வராது.

பால்மா குடுக்கத்தான் வேணுமெண்டா தண்ணியை டெஸ்ட் பண்ணுங்கோ. போத்தலை அதே கிணத்துத் தண்ணியால ரெண்டு மூண்டு தரம் அலசி நிரப்பி, குளிரா வைச்சு அண்டைக்கே லாப்புக்குக் குடுக்கவேணும். எங்க குடுக்கிறதெண்டு உங்கட பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுவார். மாரி மழைக்குப் பிறகு இன்னொருக்காப் பாருங்கோ, ஏனெண்டா அப்பதான் தோட்டத்து உரம் கீழ இறங்கும்.

ரிப்போர்ட் வந்தா நம்பரை மட்டும் பாக்காதேங்கோ, கனபேர் இதிலதான் பிழை விடுறது. நைட்ரேட் எண்டு போட்டிருந்தா லீட்டருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை, நைட்ரேட்-நைதரசன் (நைட்ரேட்டில இருக்கிற நைதரசனை மட்டும் கணக்கெடுத்தது) எண்டு போட்டிருந்தா எல்லை கிட்டத்தட்ட 11தான். அதில 20 எண்டு கிடந்தா 50க்குக் குறைவுதானே எண்டு விட்டிடாதேங்கோ, அது உண்மையில நைட்ரேட் 88 மில்லிகிராம்.

கொதிக்க வைச்சாச் சரிதானே எண்டு அம்மம்மாமார் சொல்லுவினம். கிருமி சாகும், நைட்ரேட் சாகாது, தண்ணி ஆவியாப் போகப்போக மிச்சத்தில இன்னும் கூடும். சாதாரண கரி பில்டரும் மறிக்காது. தண்ணியை அமத்தி மெல்லிய சவ்வுக்குள்ளால வடிக்கிற ஆர்.ஓ பில்டர் பெரும்பங்கை எடுக்கும், ஆனா அந்தச் சவ்வை (மெம்பிரேன்) நேரத்துக்கு மாத்தவேணும். இல்லாட்டி டெஸ்ட் பண்ணின வேற தண்ணியை எடுத்து, அதை ஒருக்காக் கொதிக்க வைச்சுப் பாவியுங்கோ.



பிள்ளையின்ர உதடு, நகம் நீலமாவோ சாம்பலாவோ தெரிஞ்சு, மூச்சு வாங்கி, சோர்ந்து கிடந்தா விடியட்டும் எண்டு பாக்காம 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. கிணத்துத் தண்ணியில பால்மா கரைச்சனாங்கள் எண்டதை டொக்டரிட்ட முதலே சொல்லுங்கோ, ஆஸ்பத்திரியில இதுக்கு மெதிலீன் புளூ எண்டு ஒரு மருந்து இருக்கு.